ஐப்பசியில பிறக்குற பூக்காலம்: ஊசுட்டேரிக் கரையிலேர்ந்து

வணக்கம் மக்களே! நேரம் காலை ஆறேகால். நிக்கறது ஊசுட்டேரிக் கரை, பாண்டி டவுன்லேர்ந்து மேற்கே பத்து கிலோமீட்டர் சொச்சம். ராத்திரி பெஞ்ச மழை இன்னும் இலையில சொட்டிட்டிருக்கு, அந்த டப் டப் சத்தம் மைக்குல கேக்கும், பொறுத்துக்கோங்க.

காட்டுப்பூ பாக்க எப்ப கிளம்பலாம்னு கேட்டா, சித்திரைன்னுதான் நிறைய பேர் சொல்றாங்க. மரத்துக்கு அது சரி. கொன்றை, வேம்பு, புன்னை எல்லாம் ஆழமா வேர் விட்டது, வெயில்லயும் பூக்கும். தரையில முளைக்குற செடி அப்படியில்ல. மேல்மண்ணு ஈரம்தான் அதுக்கு உயிரு. கடலூர், பாண்டி பக்கம் வருஷ மழையில பாதிக்கு மேல வடகிழக்குப் பருவமழையில கொட்டுது, ஐப்பசியிலேர்ந்து மார்கழிக்குள்ள. அதனால செடி கொடிக்கு இங்க வருஷப்பிறப்பு ஐப்பசிதான். நாமளும் அங்கேர்ந்தே ஆரம்பிப்போம்.

இதோ, இந்த முள்வேலியில தொங்குது பாருங்க, செங்காந்தள். தமிழ்நாட்டோட மாநில மலர். கண்வலிப்பூ, கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு எல்லாம் இதேதான். வெயில் காலம் பூரா மண்ணுக்குள்ள கிழங்கா தூங்கிட்டு, மழை விழுந்ததும் கொடி கிளம்பும். இலை நுனியைப் பக்கத்துல வந்து பாருங்க, சுருள் மாதிரி வளைஞ்சிருக்கு. அதை வேலியில மாட்டி மாட்டித்தான் மேல ஏறுது. பிடிச்சு ஏறத் தனியா சுருள்கொடி எதுவும் கிடையாது. அதனாலதான் வெட்டவெளியில தேடினா கிடைக்காது, வேலி, புதர் ஓரமாத்தான் தேடணும். பூ விரியும்போது பச்சையும் மஞ்சளும், நாளாக ஆக அடியில மஞ்சள் நுனியில சிவப்பு, கடைசியில முழுச் சிவப்பு. ஒரே கொடியில மூணு நிறமும் இருந்தா மூணு ஜாதின்னு நினைச்சுடாதீங்க, மூணும் வேற வேற வயசு. ஆனா ஒண்ணு, கிழங்கைத் தோண்டாதீங்க. கோல்ச்சிசின்ங்கற விஷம் செடி பூரா இருக்கு, கிழங்குல ரொம்ப அதிகம். தின்னா உயிருக்கே ஆபத்து. குழந்தைங்களோட வந்தா இதை முதல்ல சொல்லிடுங்க.

கரைச் சரிவுல வெள்ளை வெள்ளையா இருக்குறது தும்பை. முழங்காலுக்குக் கீழ நிக்குற செடி, ஆனா பட்டாம்பூச்சிக்கும் தேன்சிட்டுக்கும் இந்த மாசத்துல பெரிய பந்தி இதுதான். இதுல பொறுமையா அரைமணி உக்காரலாம். ஆனா இப்ப இல்ல. பட்டாம்பூச்சிக்கு வெயில் பட்டு உடம்பு சூடானாத்தான் பறக்க முடியும். எட்டரைக்கு மேல பதினொண்ணுக்குள்ள வாங்க. பறவைக்கு ஆறு மணி, பட்டாம்பூச்சிக்கு எட்டரை. ரெண்டையும் ஒரே நேரத்துல எதிர்பாத்து வந்தவங்கதான் ஒண்ணுமே இல்லன்னு திரும்பிப் போறது.

படம் எடுக்குறவங்களுக்கு ஒரு விஷயம். பூவை மட்டும் எடுத்துட்டுப் போய் இது என்ன செடின்னு கேட்டா யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. பூ நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, இலையோட மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டுல இலை எப்படி சேருதுன்னு ஒண்ணு, முழுச் செடி ஒண்ணு. ஆறு படம். பக்கத்துல ஒரு ரூபாய் நாணயம் வெச்சா அளவும் தெரியும். தும்பை மாதிரி சின்னப் பூவுக்கு போனை ரொம்பக் கிட்ட கொண்டு போகாதீங்க, ஃபோகஸ் பிடிக்காம மங்கிடும். ஒரு சாண் தள்ளி நின்னு ரெண்டு மடங்கு ஜூம் பண்ணுங்க. காத்து அடிச்சா உங்க உடம்பாலயே மறைச்சுக்கோங்க.

இப்ப ஏரிப் பக்கம் திரும்புவோம். கிட்டத்தட்ட 800 ஹெக்டேர், பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு. புதுச்சேரி பக்கத்தை 2008-ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. நம்ம பக்கத்து ஏரிங்களுக்குப் பெரும்பாலும் கரை கிழக்குல இருக்கும், நிலம் கடலைப் பாத்துச் சரியுறதால. அதனால காலையில கரையில நின்னா சூரியன் நம்ம முதுகுக்குப் பின்னாடி, பறவையோட நிறம் பளிச்சுனு தெரியும். சாயந்திரம் வந்தா எல்லாமே கறுப்பு நிழல்தான். பைனாகுலர் வாங்குறதா இருந்தா 8க்கு 42 போதும், அதாவது எட்டு மடங்கு பெரிசாக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்குன்னு ஆசைப்பட்டு வாங்கினா கை நடுங்குறதும் பத்து மடங்கு தெரியும்.

கார்த்திகையில வாத்து வந்துடும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி ரெண்டும் வடக்கேர்ந்து வர்றது. இங்கதான் புதுசா பாக்குறவங்க குழம்புறாங்க. புத்தகத்துல நீலச்சிறகி ஆணுக்குக் கண்ணு மேல பட்டையா வெள்ளைப் புருவம் போட்டிருக்கும், ஏரியில பாத்தா எல்லாம் பழுப்பா பொட்டை மாதிரியே இருக்கும். இனப்பெருக்கம் முடிஞ்சதும் ஆண் வாத்து பளபளப்பான இறகையெல்லாம் உதுத்துட்டு பழுப்புச் சட்டை போட்டுக்கும். இங்க வந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமா நிறம் ஏறும். தை, மாசியில வந்தா அந்த வெள்ளைப் புருவம் தூரத்துலேர்ந்தே தெரியும்.

இன்னொரு காரணத்துக்கும் தை, மாசிதான் நல்லது. இப்ப ஏரி நிரம்பி நிக்குது. நல்ல மழைன்னா பறவை அதிகம் இருக்கும்னு தோணும், நேர்மாறா நடக்கும். நாரை, உள்ளான் இதுக்கெல்லாம் முழங்கால் தண்ணியும் சேறும்தான் வேணும். ஏரி தளும்புறப்ப அதுங்க நிக்க இடம் இல்ல, சுத்துப்பட்டு குட்டைக்கும் நடவு வயலுக்கும் பிரிஞ்சு போயிடும். தண்ணி வத்தி ஓரத்துல சேறு தெரியிற நேரத்துல மீனும் நத்தையும் ஒரே இடத்துல ஒதுங்கும், மஞ்சள் மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை எல்லாம் அங்க கூடும். பாகூர் ஏரிக்கும், அந்தாண்ட வீராணத்துக்கும் இதே கணக்குதான். பொங்கல் நாலு நாளும் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், யாரு வேணா சேரலாம். ஒரு இடத்துல குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம் நின்னு, பாத்த ஜாதியையும் எண்ணிக்கையையும் ஈபேர்ட் செயலியில போடணும், அவ்வளவுதான்.

ஐப்பசி விருந்தாளி ஒண்ணு விட்டுப்போச்சு. ஆறுமணிக் குருவி, தோட்டக்கள்ளன்னும் சொல்வாங்க. காலையிலயும் சாயந்திரமும் ஆறு மணி வாக்குல கூவுற குருவி. வடக்கேர்ந்து ராத்திரில பறந்து வந்து களைச்சுப்போய் வீட்டு மாடி, கொல்லைன்னு விழும். அப்படி கிடைச்சா வாயில தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்ல போயிடும். காத்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில துணி விரிச்சு, இருட்டா, சத்தமில்லாம வைங்க. தெளிஞ்சதும் பொழுது சாயுற நேரத்துல புதர்ப் பக்கம் திறந்து விடுங்க. காயம் இருந்தா வனத்துறைக்குச் சொல்லிடுங்க.

மார்கழியில பனி கலையவே ஏழரை ஆயிடும், அவசரப்பட வேணாம். கண்ணாடி விரியன் குளிர் மாசத்துல பகல்லயே வெயில் காய வரும், வரப்புல காய்ஞ்ச இலைக்கு நடுவுல கிடந்தா கண்ணுக்கே தெரியாது. கணுக்கால் மூடுற ஷூ போடுங்க, கை வைக்கிற இடத்தைப் பாத்து வைங்க. கடிச்சா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, கடிபட்ட காலை ஆட்டாம நேரா ஜி.ஹெச். அப்புறம் பூனைக்காலி. வேலியில பழுப்பு வெல்வெட் மாதிரி காய் கொத்தா தொங்கும், அந்தச் சுணை பட்டா அரிச்சே கொன்னுடும். தேய்க்காதீங்க, ஒட்டு டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்க, பிறகு கழுவுங்க.

பொங்கல் காப்புக்கட்டுக்கு ஆவாரம்பூவும் சிறுபீளையும் வீட்டுக்கே வருதில்ல, அதுவே காலண்டர்தான். சாலையோர ஆவாரையில இலை ஓரம் கடிபட்டிருந்தா கொஞ்சம் திருப்பிப் பாருங்க, இலை நிறத்துலயே பச்சைப் புழு இருக்கும். வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சியோட பிள்ளைங்க அது.

தையிலேர்ந்து பங்குனி வரைக்கும் ராத்திரிக் கடற்கரை. கடலூர் தேவனாம்பட்டினம் தொடங்கி நம்ம கரை நெடுக பங்குனி ஆமைங்கற கடலாமை முட்டை போட ஏறும். மணல்ல ஒரு முழத்துக்கும் அகலமா, இடம் வலம் மாறி மாறிக் கை போட்ட தடம் இருந்தா அதுதான். ஒரு குழியில நூறு முட்டை வாக்குல இருக்கும், 45-லேர்ந்து 60 நாள்ல பொரியும். வனத்துறையோட, தன்னார்வலர்களோட மட்டும்தான் போகணும். ஆமை கரையேறும்போது முன்னாடி போய் நின்னா முட்டை போடாமலே திரும்பிடும். போன் ஃபிளாஷ் கூடவே கூடாது. குஞ்சு வெளிச்சம் தெரியிற பக்கம்தான் ஓடும். கடல்தான் வெளிச்சமா இருக்கும்னு அதோட உடம்பு நம்புது, நம்ம விளக்கு அதை ரோட்டுக்கு இழுத்துடும். பகல்ல அதே மணல்ல அடம்பங்கொடி பாருங்க, ஊதாப் பூ. காலையிலேயே போங்க, மத்தியானத்துக்குள்ள வாடிடும்.

சித்திரை வைகாசிக்கு கோயில் காடுதான். பாண்டிக்கு வடக்கே புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு, இலை தடிச்சு கோடையிலயும் பச்சையா இருக்குற உலர் பசுமைமாறாக் காடு. காசான் மரம் பூத்தா கிளையெல்லாம் நீலம் அப்பின மாதிரி இருக்கும். குச்சி கூட ஒடிக்கக்கூடாதுங்கற ஊர்க் கட்டுப்பாட்டாலதான் இது பிழைச்சிருக்கு, நாமளும் ஒரு இலையைக் கூடப் பறிக்க வேணாம். பிச்சாவரம் போறவங்க தில்லை மரத்தை மட்டும் தொடாதீங்க, அந்தப் பால் கண்ணுல பட்டா பார்வையே போகும்.

ஆடியில தரை காய்ஞ்சு கிடக்கும், பனைமரத்தைப் பாருங்க, தூக்கணாங்குருவி கூடு பின்னத் தொடங்கியிருக்கும். பாதிக் கூட்டுல ஆண் தொங்கிக்கிட்டு இறகடிக்கும், பொட்டை வந்து பாத்துப் பிடிச்சாத்தான் மீதியை முடிக்கும். அதனால கீழ விழுந்து கிடக்குற தொப்பி மாதிரி அரைக்கூட்டையெல்லாம் காத்து பிச்சதுன்னு நினைக்காதீங்க, நிறைய அது வேணாம்னு விட்டது.

சரி, மணி ஏழாகப்போகுது, அந்தக் கோடியில நாமக்கோழிக் கூட்டம் நகருது. கேமராவை அந்தப் பக்கம் திருப்புறேன், சத்தம் போடாமப் பாப்போம்.