இருட்டு மலிவான சரக்கு

பெருமதிப்பிற்குரிய படிப்பகத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, பிளஸ் டூ பிள்ளைகளைக் கூட்டி வந்து உட்கார வைத்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, வாடகை வாங்காமல் புரொஜெக்டர் கொண்டுவந்த மைக் செட் அண்ணாச்சி அவர்களே (அண்ணாச்சிக்கு ஒரு கைதட்டல் போடுங்கள்), சானல் (கால்வாய்) கரை இருட்டில் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த தாய்மாரே, தம்பி தங்கையரே, வணக்கம்.

இன்றைய படம் 2020இல் வந்த 'தி கிராஃப்ட்: லெகசி'. 1996இல் வந்த 'தி கிராஃப்ட்' என்ற ஆங்கிலப் படத்தின் தொடர்ச்சி. இரண்டிலும் மந்திரம் பழகும் நான்கு பள்ளிக்கூடப் பெண்களின் கதை. குறைந்த செலவில் பேய்ப்படம் எடுக்கும் வித்தை, இரண்டாம் பாகம் சறுக்கும் காரணம், நம்மூர்ப் பேய் நீலியின் கதை என்று மூன்று செய்தி பேசுவதாக நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சின்ன முதலீட்டுக்காரர்களின் வியாபாரமே இதுதான். 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' என்ற பேய்ப்படம் சுமார் 15,000 டாலரில் ஒரே வீட்டுக்குள் எடுத்தது. காட்டாத பேய்க்குச் சம்பளம் கிடையாது, மேக்கப் கிடையாது.

ஒரு பெண் அந்தரத்தில் மிதக்க வேண்டுமா? கேமராவை டிரைபாடில் இறுக்குங்கள். ஃபோகஸ் (தெளிவு), எக்ஸ்போஷர் (வெளிச்சம்), ஒயிட் பேலன்ஸ் (நிறம்) மூன்றையும் ஆட்டோவிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆள் இல்லாமல் வெறும் அறையை 20 விநாடி எடுங்கள். பிறகு அந்தப் பெண்ணை ஸ்டூலில் படுக்க வைத்து எடுங்கள். எடிட்டிங்கில் வெறும் அறை ஷாட்டின் மேல் இதை அடுக்கி, ஸ்டூலை அழித்தால் கீழே வெறும் அறை தெரியும். கெடுவது மூன்று இடத்தில்: முதுகுத் துணி ஸ்டூலில் அமுங்கித் தட்டையாகத் தெரியும், ஸ்டூலின் நிழல் தரையில் நிற்கும், இரண்டு ஷாட்டுக்கும் நடுவே வெயில் மாறிவிடும். ஆகவே ஜன்னலை மூடுங்கள், தாவணியைத் தொங்க விடுங்கள், முடியையும் தொங்க விடுங்கள். தொங்கும் முடிதான் பார்க்கிறவனை நம்ப வைக்கும்.

ரத்தத்துக்கு கெட்டியான சர்க்கரைப் பாகு, சிவப்பு ஃபுட் கலர், ஒரு சொட்டு நீல ஃபுட் கலர், கொஞ்சம் கோகோ தூள். நீலம் இல்லாவிட்டால் ரோஸ்மில்க் ஆகிவிடும். எறும்பு வரும், சீக்கிரம் எடுத்து முடியுங்கள்.

முதல் பாகத்தில் ஒரு கடற்கரைக் காட்சி. கலிபோர்னியாவில் இரவில், நான்கு பெண்களும் மெழுகுவர்த்தி கொளுத்தி 'மனோன்' என்ற தெய்வத்தை அழைக்கிறார்கள். அப்படியொரு தெய்வமே கிடையாது. படம் பார்க்கிற பிள்ளைகள் நிஜ தெய்வத்தைக் கூப்பிட்டுவிடக் கூடாதென்று எழுதியவர்களே பேர் வைத்தார்கள். விக்கா என்ற நவீன மந்திர வழிபாட்டுச் சமயப் பெண்மணி ஒருவரையும் ஆலோசனைக்கு வைத்துக்கொண்டார்கள். எல்லா முன்னேற்பாடும் செய்தாயிற்றா? படப்பிடிப்பில் மந்திரம் தொடங்கினால் அலை ஏறுகிறது. நிறுத்தினால் இறங்குகிறதாம்! வட்டமாக நட்ட மெழுகுவர்த்தியை அலை கொண்டுபோகிறது. மறுபடி நடுகிறார்கள். தலைக்கு மேல் வௌவால். மனோனை அழைத்து நடிகை கத்துகிற நேரம் பார்த்துக் கரண்டும் போய்விட்டது! யூனிட்டில் பாதிப்பேர் வெலவெலத்துப் போயிருப்பார்கள். இயக்குநரே பேட்டியில் சொன்ன கதை இது. நேரம் வந்தால் அலை ஏறும், உப்புக்காற்றில் ஒயர் ஷார்ட் ஆகும், வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்கு வௌவால் வரும். நம் கடற்கரையூர் தேங்காப்பட்டணத்தில் கேட்டால் சின்னப் பிள்ளை சொல்லும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்!

இரண்டாம் பாகத்தின் குறை ஒன்றுதான். முதல் பாகத்தில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் விலை உண்டு. நால்வரில் ஒருத்தி நான்சியின் மாற்றாந்தகப்பன் சாகிறான், இன்ஷூரன்சில் 1,75,000 டாலர் வருகிறது, அவளுக்கோ வெறி ஏறிக்கொண்டே போகிறது. புதியதில் சக்தி சும்மா வருகிறது, ரத்தம் இல்லை, பயமும் இல்லை. ஆனால் ஆரம்பக் காட்சியைக் கவனியுங்கள். புதுப் பள்ளிக்கூடம், வகுப்பு நடுவே கதாநாயகி லில்லிக்கு மாதவிலக்கு, நாற்காலியில் கறை, பையன்கள் சிரிக்கிறார்கள். அவள் கழிப்பறைக்கு ஓடுகிறாள். மூன்று பெண்கள் தேடி வருகிறார்கள், மாற்றுத் துணி கொடுக்கிறார்கள். ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சேர்ந்து உட்கார ஓர் இடம் வேண்டும். மந்திரம் பிறகுதான்.

நம்மூரில் அந்த இடம் இந்தப் படிப்பகம். ஆறு மணிக்கு மேல் ஒரு பெண் பிள்ளை இங்கே இருக்கிறதா? ஏன்? சானல் கரையில் விளக்கு இல்லை. நீலிக்குப் பயந்தா போகிறார்கள்? பைக்கில் வருகிற பையன்களுக்குப் பயந்து போகிறார்கள். நீலியைப் பற்றிப் பேச நேரமில்லை, வில்லுப்பாட்டுக்காரர்கள் மன்னிக்கணும்.

கேட்டால் பேரூராட்சியில் "கம்பம் மின்வாரியத்தினுடையது" என்பார்கள், மின்வாரியத்தில் "விளக்கு பேரூராட்சியினுடையது" என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆகையால் மனுவை இரண்டு படி எழுதி, ஒவ்வொரு கம்பத்திலும் பெயிண்டில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்து இரண்டு இடத்திலும் கொடுக்கப் போகிறோம். வார்டு உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்துப் போடுவதாக இப்போதுதான் காதில் சொன்னார், நன்றி. நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறோம். இடைவேளையில் போடுங்கள், படம் முடிந்தால் எல்லாரும் ஓடிவிடுவீர்கள்.