ஆசிலோஸ்கோப் காட்டுற நேரத்தை அப்படியே நம்பாதீங்க: ஷாக் டியூப்ல அதிர்வுத் தளர்வு

வணக்கம். ஷாக் டியூப்னா, உயர் அழுத்த வாயுவைத் திடீர்னு திறந்து விட்டு, இன்னொரு வாயுவுக்குள்ள அதிர்வலையை (ஷாக் வேவ்) ஓட்டற குழாய். நம்ம வாயு ஆர்கான்ல 2% கார்பன் மோனாக்சைடு, டியூப்ல 10 டோர் அழுத்தம் (760 டோர்னா ஒரு அட்மாஸ்ஃபியர்). அதிர்வலை மாக் 4.3-ல, அதாவது ஒலியைவிட 4.3 மடங்கு வேகத்துல போனா, பின்னாடி வாயு 2000 கெல்வினுக்குப் போயிடும். மூலக்கூறோட ஓட்டமும் சுழற்சியும் உடனே சூடாயிடும். மூலக்கூறுக்குள்ள அணுக்கள் ஆடற அதிர்வு மட்டும் மெதுவா வந்து சேரும். அந்தத் தாமதத்தைத்தான், அதாவது தளர்வு நேரத்தைத்தான், அளக்கப் போறோம்.

ஜன்னலுக்குச் சாதாரண கண்ணாடி வேண்டாம். சூடான மோனாக்சைடு வெளிவிடற 4.7 மைக்ரான் அகச்சிவப்பு ஒளியை அது விடாது, கால்சியம் ஃபுளோரைடு போடுங்க. வெளியில ஃபில்டர், அதுக்குப் பின்னாடி திரவ நைட்ரஜன்ல குளிர்வித்த இண்டியம் ஆன்டிமோனைடு டிடெக்டர். இந்த ஒளி அதிர்வு ஆற்றலுக்கு நேர்விகிதத்துல ஏறும். 2.3 மைக்ரான்ல எடுத்தா கிட்டத்தட்ட அதோட வர்க்கமா ஏறும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

கடைசி ஒளி அளவிலிருந்து அந்தந்த நேரத்து அளவைக் கழிச்சு, மடக்கை எடுத்து வரைங்க. நேர்கோடு வரணும், சாய்வோட தலைகீழ்தான் விடை. வால்பகுதி வளைஞ்சா பெரும்பாலும் கடைசி அளவைத் தப்பா எடுத்திருக்கீங்க, இல்லன்னா சுவரை ஒட்டி மெதுவா நகர்ற வாயு அடுக்கால (எல்லைப்படலம்) வெப்பநிலை நகருது.

இப்ப நிறைய பேர் சறுக்கற இடம். ஸ்கோப்ல 310 மைக்ரோசெகண்ட் வருதுன்னு வைங்க. வாயுவும் அலை பின்னாடியே ஓடிட்டிருக்கு, அதனால அடர்த்தி விகிதத்தால, இங்க 3.44-ஆல, பெருக்கணும். அலைக்குப் பின்னாடி அழுத்தம் 0.3 அட்மாஸ்ஃபியர். அதாலயும் பெருக்கினா சுமார் 320 மைக்ரோசெகண்ட்-அட்மாஸ்ஃபியர். 1963-ல மில்லிகன், வைட்னு ரெண்டு ஆய்வாளர்கள் தளர்வு நேரத்துக்குக் கொடுத்த சூத்திரமும் இதைத்தான் சொல்லுது. 3000 கெல்வின்ல அதே சூத்திரம் 40-க்குக் கீழ இறங்கிடும். வெப்பநிலையை அலையோட வேகத்துல இருந்துதான் கணக்கிடறோம், அதனால அந்த வேகத்துல 1% பிழை, தளர்வு நேரத்துல 10% ஆகிடும். வேகத்தை அளக்கற சென்சார் ரெண்டுக்கும் நடுவுல 30 செ.மீ.ன்னா, அந்த 1% வெறும் 2 மைக்ரோசெகண்ட்தான்!

அதைவிட மோசமானது ஹீலியம். அலையைத் தள்ளிக் கிளப்பற டிரைவர் வாயு அதுதானே, முந்தின ஷாட்ல மிஞ்சினது டியூப்லயே நிக்கும். ஆர்கானைவிட நூறு மடங்கு வேகமா அது அதிர்வைக் கிளப்பும். 10 டோர்ல 0.1 டோர் ஹீலியம் இருந்தா போதும், தளர்வு நேரம் பாதியாயிடும். நீராவியும் இதே வேலையைச் செய்யும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி 0.001 டோருக்குக் கீழ இழுங்க, பம்பை மூடி அழுத்தம் ஏறுதான்னு பாருங்க.

மோனாக்சைடு சிலிண்டர்ல இரும்பு கார்பனைல்ங்கற மாசும் இருக்கும், அதை உறைய வச்சுப் பிடிக்க உலர்பனி டிராப் (குளிர்ந்த பொறி) வழியா விடுங்க. திரவ நைட்ரஜன் டிராப் வேண்டாம், ஆர்கானே அதுல உறைஞ்சிடும். கலவையை ராத்திரி முழுக்க டேங்க்ல விட்டுக் கலக்க விடுங்க. பம்போட வெளியேற்றம் ஃபியூம் ஹூடுக்குள்ளதான் போகணும், பக்கத்துல மோனாக்சைடு அலாரமும் இருக்கணும்.

எல்லா ஷாட்டையும் வெப்பநிலையோட கனமூலத்தின் தலைகீழுக்கு எதிரா மடக்கை அச்சுல போடுங்க. சூடு குறைஞ்ச பக்கம் கோடு படுத்துக்கிச்சுன்னா, முதல்ல அந்த ஹீலியத்தையும் ஈரத்தையும் தேடுங்க.