கூடம் கோணல்தான்

(மட்டக்களப்பில் நமது நாடகக் குழுவின் ஷேக்ஸ்பியர் நாடகப் பருவம் தொடங்கிய மாலையில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, அலுவல்களுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்டச் செயலக அதிகாரிகளே, மாநகர சபைப் பெரியோர்களே, கல்லடியிலிருந்தும் வந்தாறுமூலையிலிருந்தும் வந்திருக்கும் விரிவுரையாளர்களே, காத்தான்குடி, ஏறாவூர் இலக்கிய நண்பர்களே, அருட்தந்தையர்களே, ஆலய பரிபாலன சபையினரே, வாவியைக் கடந்து படுவான்கரையிலிருந்து வந்திருக்கும் கூத்து ஆசான்களான அண்ணாவிமார்களே, தாய்மார்களே, வணக்கம்.

தலைவர் அவர்களுக்கு நான் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். மூன்று நாடகங்களை ஒரே பருவத்தில் மேடையேற்றப் போகிறோம் என்று நாங்கள் போய்ச் சொன்னபோது, அவர் செலவைக் கேட்கவில்லை. “மத்தளம் யார்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. மாவட்டச் செயலக அதிகாரிகளுக்கும் நன்றி. அவர்கள் இங்கே இருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அண்ணாவிமாரை நான் முதலில் அழைத்திருக்க வேண்டும். இந்த மண்ணின் நாடகத்துக்கு உரிமைக்காரர் அவர்கள்.

லியர் மன்னன், மக்பெத், சூறாவளி. இந்த மூன்றும்தான் இந்தப் பருவத்தின் நாடகங்கள். இவற்றை முன்வைத்து மூன்று விடயங்கள் கதைக்க வந்திருக்கிறேன். ஒன்று, ஷேக்ஸ்பியர் தமிழுக்கு வந்த வழி. இரண்டு, அவரை எந்தத் தமிழில் ஆடுவது. மூன்று, பெண் பாத்திரங்களைப் பெண்களே ஆடுவது.

என் பெத்தா, அதுதான் பாட்டி, எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லுவா. “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.” கணக்கில் குறைய எடுத்துவிட்டு வாத்தியார் சரியில்லை என்று சொன்னால் இந்தப் பழமொழி வரும். தோணி கரை தட்டினால் வரும். கறியில் உப்புக் கூடினாலும் வரும். இன்றைக்கு இந்தப் பழமொழியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் நிற்கிறேன்.

முதல் விடயம். ஷேக்ஸ்பியர் நமக்கு விருந்தாளி அல்ல. காரைதீவில் 1892 இல் பிறந்த நமது விபுலானந்த அடிகள், 1926 இல் ‘மதங்கசூளாமணி’ என்ற நாடகத்தமிழ் நூலை மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக வெளியிட்டார். அதில் ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்து ஆராய்ந்து, பகுதிகளைத் தமிழில் பெயர்த்தும் தந்தார். அந்த மனிதருக்கு அடிகள் வைத்த பெயர் செகசிற்பியார். செகத்தைச் செதுக்கிய சிற்பியார்! ஒலியும் கிட்ட வருகிறது, பொருளும் வந்து உட்காருகிறது. தமிழ்நாட்டில் பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெற்றை அமலாதித்தன் ஆக்கி ஆடினார், மக்பெத்தை மகபதி ஆக்கினார். அதுவும் பெரிய தொண்டு. ஆனால் காரைதீவுப் பிள்ளை வைத்த பெயரில் எனக்கு இருக்கும் பெருமிதமே வேறு.

சரி, இரண்டாவது விடயத்துக்கு வருகிறேன். எந்தத் தமிழ்? இதற்கு நான் விளக்கம் சொல்வதைவிட நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கூத்தாக ஆடும் நமது லியர் நாடகத்துக்கு அடுக்குப் பார்க்க, அதாவது ஒத்திகைக்கு, படுவான்கரையில் ஒரு கிராமத்துக்குப் போனோம். கோயில் வெளியில் மண்ணை வட்டமாக உயர்த்திக் களரி போட்டிருந்தார்கள். சுற்றிவர ஊர்ச் சனம். நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடு, பக்கத்தில் சல்லாரிக்காரர், பிற்பாட்டுக்காரர். களரியின் விளிம்பில், கால் நீட்டினால் களரியில் படும் தூரத்தில், ஒரு பெத்தா பன்பாய் போட்டுக் குந்தியிருந்தா. எண்பது வயதுக்கு மேல் இருக்கும். மடியில் வெற்றிலைப் பை.

லியர் வரவுத் தாளத்துக்கு ஆடி வந்தார். நாட்டை மூன்றாகப் பிரிக்கப் போவதாகச் சொன்னார். மூத்தவள் இனிக்க இனிக்கப் பேசி ஒரு பங்கை வாங்கினாள். அடுத்தவளும் வாங்கினாள். கடைசிப் பிள்ளையிடம் “நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்டார். “ஒன்றுமில்லை” என்றாள் அவள். உண்மை பேசின பிள்ளையை மன்னன் துரத்திவிட்டான். அவள் பங்கையும் மூத்தவர்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்தான். அப்போது நமது லியர் ஆட்டத்தில் சுழன்று வந்து அந்தப் பெத்தாவுக்கு நேரே நின்றார். பெத்தா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தா. “மனே, எல்லாத்தையும் எழுதிக் குடுத்திராத. கடைசிக்கு ஒரு அறையெண்டாலும் உன்ட பேரில இரிக்கட்டும்” என்றா.

சனம் சிரித்துவிட்டது. லியராக ஆடுகிறவர் ஒரு பாடசாலை ஆசிரியர். அவர் அசையவில்லை. அதே தாளத்தில், “பெத்தா, நான் ராசா. எனக்கு நூறு சேவகர் இரிக்காங்க” என்றார். பெத்தா விடவில்லை. “நூறு பேருக்கும் சோறு ஆர் ஆக்குற?”

ஐயா, அதைத்தானே நாடகத்தில் மூத்த மகள் கேட்கிறாள்! நூறு சேவகரை வைத்துச் சமாளிக்க ஏலாது, ஐம்பதாகக் குறை என்கிறாள். அடுத்தவள் இருபத்தைந்து என்கிறாள். பிறகு பத்து, ஐந்து, கடைசியில் ஒருவன்தான் எதற்கு என்று முடிகிறது. எண்ணிக்கை குறையக் குறையக் களரியைச் சுற்றியிருந்த சனம் மன்னனைப் பார்க்கவில்லை, பெத்தாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. நமது ஊரில் தாய் தன் வீட்டையும் வளவையும் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்குள் ஒதுங்கிக்கொள்வாள். அந்தப் பெத்தாவும் அப்படித்தான் ஒதுங்கியிருப்பா. பெண் பிள்ளைக்கு ஆதனம் எழுதுகிற கதையை மட்டக்களப்பானுக்கு யார் விளங்கப்படுத்த வேண்டும்?

பிறகு புயல் காட்சி. காற்றுக்கு ஒரு கருவியும் வைக்கவில்லை. மத்தளமும் பிற்பாட்டுக்காரர் குரலும் மட்டும்தான். 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவை அனுபவித்த ஊருக்குப் புயலைப் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. தலைப்பாகை கழன்று, வெறும் மேலோடு லியர் களரியைச் சுற்றி ஓடினார். பெத்தாவுக்குப் பக்கத்தில் வந்து முழங்காலில் விழுந்தார். பெத்தா மெல்ல எழும்பினா. தான் இருந்த பன்பாயை இழுத்து அவர் பக்கம் தள்ளினா. “இதில இரி மனே, மண் ஈரம்” என்றா. இப்போது யாரும் சிரிக்கவில்லை. அண்ணாவியாரின் வலது கை மத்தளத்தில் படாமல் ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன்.

இறந்த கடைசி மகளை லியர் தூக்கிவந்து கிடத்தி, தானும் அவள் மேல் சாய்ந்தபோது விடியப் போகிறது. “மறுகா?” என்று கேட்டா பெத்தா, பிறகு என்ன என்று. மறுகா ஒன்றுமில்லை.

எந்தத் தமிழில் ஆடுவது என்பதற்கு என் பதில் அந்தப் பெத்தாதான்.

இதே குழு, இதே நாடகம், அடுத்த வாரம் நகரில் ஒரு மண்டபத்தில் ஆடியது. எந்த மண்டபம் என்பது வேண்டாம். மேடைக்கும் முதல் கதிரைக்கும் இடையில் பன்னிரண்டு அடி வெற்று நிலம். தரையில் கம்பளம், சதங்கைக் கால் விழுகிற அதிர்வைக் கம்பளம் குடித்துவிட்டது. அண்ணாவியாரைப் பக்கத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அவருக்குக் கூத்தரின் கால் தெரியவில்லை. காலைப் பார்க்காமல் எப்படி மத்தளம் அடிப்பது? கூத்தர் தாளக்கட்டை ஆடி முடிக்கும் இடத்தில் தீர்மானம் என்கிற முடிவு அடி விழ வேண்டும். ஒவ்வொரு முறையும் அரைக் கணம் பிந்தி விழுந்தது. சுழன்று ஆட வேண்டியவர்கள் ஒரு பக்கச் சனத்துக்காகக் கோடு போட்டது போல ஆடினார்கள். ஒன்பது மணிக்கு மண்டபக் காவலாளி வந்து மின்விளக்கை அணைத்தார். அவர் மேல் குறை இல்லை, அவருக்குச் சொல்லப்பட்ட நேரம் அது. சனம் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்தது. அந்த வெளிச்சத்தில்தான் லியர் செத்தார்.

நாடகம் முடிந்து வெளியே வந்தபோது ஒருவர் என்னிடம், “உங்கள் பெடியன்களுக்கு இன்னும் ஆட்டம் காணாது” என்றார். எனக்குப் பெத்தாவின் பழமொழி நெஞ்சில் வந்து நின்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஐயா, படுவான்கரையில் விடிய விடிய ஆடின அதே கால்கள்தான் இவை. ஆடத் தெரிந்தவள் சொல்கிறாள்: கூடம் கோணல்தான்!

செகசிற்பியாரைக் கேளுங்கள். அவரும் இதையே சொல்வார். அவர் பங்காளியாக இருந்த குளோப் அரங்கு 1599 இல் லண்டனில் எழுந்தது. கிட்டத்தட்ட வட்டமான கட்டடம், நடுவில் திறந்த வானம். மேடையின் மூன்று பக்கமும் சனம். ஒரு பென்னி கொடுத்தவன் மேடையின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தான், நமது பெத்தாவைப் போல. பகல் வெளிச்சத்தில் ஆடினார்கள். அதனால் இரவு என்பது சொல்லில்தான் வர வேண்டும். மக்பெத்தில் பாங்குவோ தன் மகனிடம் இரவு எவ்வளவு ஆயிற்று என்று கேட்கிறான். நிலா மறைந்துவிட்டது என்கிறான் பையன். அவ்வளவுதான், பட்டப்பகலில் இருட்டிவிடும். நமது களரியிலும் கூத்தன் வரவுப் பாட்டில் காடு என்று பாடினால் காடு, அரண்மனை என்று பாடினால் அரண்மனை.

அந்த அரங்கை எப்படிக் கட்டினார்கள் என்பது இன்னும் நல்ல கதை. அவர்களுக்கு முதலில் ஆற்றின் வடகரையில் ஒரு அரங்கு இருந்தது. காணிக்காரனோடு குத்தகைத் தகராறு. 1598 மார்கழியில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், நல்ல குளிரில், அந்த அரங்கின் மரங்களைக் கழற்றினார்கள். அதே மரங்களைத் தேம்ஸ் ஆற்றின் தென்கரைக்குக் கொண்டுபோய்க் குளோப்பைக் கட்டினார்கள். 1613 இல் நாடகத்தில் வெடித்த பீரங்கிப் பொறி கூரை வைக்கோலில் பட்டு எரிந்தது. அடுத்த ஆண்டே திரும்பக் கட்டினார்கள். நம் காலத்தில், சாம் வனமேக்கர் என்ற அமெரிக்க நடிகர் லண்டனுக்குப் போய் அந்த அரங்கைத் தேடினார். ஒரு நினைவுப் பலகைதான் இருந்தது. 1970 இல் அதைத் திரும்பக் கட்டும் முயற்சியைத் தொடங்கினார். 1993 இல் இறந்துபோனார். 1997 இல் அரங்கு திறக்கப்பட்டது. இன்றைக்கும் அதன் கூரை வேய்ந்த கூரைதான்.

பேராசிரியர் வித்தியானந்தன் 1960 களில் நமது அண்ணாவிமாரைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து, கர்ணன் போர், இராவணேசன் என்று கூத்தைச் சுருக்கி, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனார். அது இல்லாவிட்டால் பட்டணமும் பல்கலைக்கழகமும் கூத்தைத் திரும்பிப் பார்த்திருக்காது. அவருக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். மேடைக்குப் போன கூத்து இனி வட்டக்களரிக்கும் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மாவட்டச் செயலக அதிகாரிகளே, மாநகர சபைப் பெரியோர்களே, இதற்காகத்தான் உங்கள் வருகையில் எனக்கு மகிழ்ச்சி. மட்டக்களப்பு நகரில், வாவிக்கரையில், ஒரு நிரந்தர வட்டக்களரி வேண்டும். முப்பது அடி விட்டத்தில் உயர்த்திய மண். சுற்றிவர மூன்று படி இருக்கை. முதல் படிக்கும் களரிக்கும் இடையில் இடைவெளியே வேண்டாம். களரிக்கு மேல் கிடுகுக் கூரை. உடுப்புக் கட்ட ஒரு கொட்டில், பெண்களுக்குத் தனியாக ஒன்று. மாரி மழைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்பீர்கள். கூத்து வழக்கமாகப் பெரும்போக அறுவடைக்குப் பிறகுதானே. மாரியில் களரியைக் கட்டிக் காப்போம், கோடையில் ஆடுவோம். இதற்கு வேண்டியது ஒரு துண்டுக் காணியும் ஒரு கையெழுத்தும்தான். மண் போட நாங்கள் வருகிறோம். கன்னன்குடாவிலும் சீலாமுனையிலும் களரி கட்டத் தெரிந்த கைகள் இருக்கின்றன.

மூன்றாவது விடயம், பெண் பாத்திரங்கள். அதற்கு ஒரு தனிக் கூட்டமே வைக்க வேண்டும், தலைவரும் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஷேக்ஸ்பியர் காலத்தில் பெடியன்கள் ஆடினார்கள், நமது கூத்திலும் ஆண்கள்தான் ஆடினார்கள். இன்று இந்த மேடையில் கடைசி மகளாக வருபவள் களுவாஞ்சிக்குடிப் பிள்ளை. பாருங்கள்.

வாசலில் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். வட்டக்களரிக்காகப் பெயரும் ஊரும் எழுதிக் கையொப்பம் போடுங்கள். முதல் கையொப்பம் அந்தப் பெத்தாவுடையது, பெருவிரல் அடையாளம். இன்றைக்கு இந்த மண்டபத்தாரிடம் கேட்டு முதல் மூன்று வரிசைக் கதிரைகளை எடுத்துவிட்டுப் பாய் போட்டிருக்கிறோம். அண்ணாவியாரைத் திரைக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டோம். பின்னால் இருப்பவர்கள் தயவுசெய்து முன்னுக்கு வந்து பாயில் இருங்கள். லியர் உடுப்புக் கட்டி முடித்துவிட்டார்.

நன்றி, வணக்கம்.