பகலில் ஒருமுறை வந்து பார்த்தால் தெரியாது

எல்லாருக்கும் வணக்கம். மேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், அதனால் உங்கள் ஊரை வைத்தே பேசுகிறேன்.

நம் பாறை மலைகளுக்கும் அடிவாரத்துக் கள்ளிப் புதருக்கும் பதிவேட்டில் என்ன பெயர்? தரிசு, கல்லாங்குத்து, புறம்போக்கு. எழுதினவரைக் குறை சொல்லவில்லை. நிலத்தை அளக்க வருகிறவர் பட்டப்பகலில்தான் வருவார். அந்த நேரத்தில் தேவாங்கு கிளை அடர்த்திக்குள் சுருண்டு தூங்கும், அழுங்கு, அதாவது எறும்புத்தின்னி, வளைக்குள் கிடக்கும். அவர் கண்ணுக்குக் கல்லும் முள்ளும்தான் தெரியும்.

தேவாங்கைக் கணக்கெடுப்பது ராத்திரி வேலை. டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு, பேச்சில்லாமல், அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும். வெளிச்சம் பட்டதும் மரத்தில் இரண்டு கண்கள் கங்கு மாதிரி மின்னும். பார்த்ததும் துள்ளிக் குதிக்காமல், அது எந்த மரம், எவ்வளவு உயரம், அந்த மரத்தின் கிளை பக்கத்து மரத்தைத் தொடுகிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசிக் குறிப்புதான் எனக்கு முக்கியம். தேவாங்கு தாவாது, கிளைக்குக் கிளை பிடித்துப் பிடித்தேதான் போகும், தரையில் இறங்கினால் நாய்க்கும் வண்டிக்கும் தப்புவது கஷ்டம், ஆகவே நடுவில் ஒரு பாதை வெட்டி நாலு மரத்தைச் சாய்த்தாலே அதன் வீடு இரண்டாகிவிடும். மரங்களை மட்டும் எண்ணினால் இது தெரியவே தெரியாது.

அப்புறம், ஒரு நாள் போய்விட்டு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிடக் கூடாது. பார்க்கவில்லை என்பதும் இல்லை என்பதும் வேறு வேறு. ஒரே இடத்துக்கு நாலைந்து தடவை போய், எத்தனை தடவை கண்ணில் பட்டது, எத்தனை தடவை படவில்லை என்று இரண்டையும் எழுதினால்தான், இருந்தும் நாம் தவறவிட்டது எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட முடியும்.

சரி, நம் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்கு வருவோம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள்; பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேர். சுமார் 250 வகைப் பறவைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லி கழுகு என்ற மூன்று வேட்டைப் பறவைகளும் அதில் உண்டு. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது ஊரே திரண்டது உங்களுக்குத் தெரியும், உங்களில் பலர் அதில் நின்றவர்கள். நடுவில், அந்தத் தலத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுரங்கத்தின் எல்லையைத் திருத்தலாமா என்று ஒரு யோசனை வந்தது. 2025 ஜனவரியில் ஏலமே ரத்தானது. ஆனாலும் அந்த யோசனை இன்னும் என் மனசை உறுத்துகிறது. வல்லூறு பாறை இடுக்கில் முட்டையிடும், உண்மைதான். இரை பிடிப்பது எங்கே? கீழே வயல்வெளியில், கண்மாய்க்கரையில், மேய்ச்சல் பொட்டலில். பாறையை விட்டுவைத்துப் பொட்டலைத் தோண்டினால், தொட்டிலை வைத்துக்கொண்டு அடுப்பை இடித்த கதைதான். எல்லைக்கோட்டை முதலில் போட்டுவிட்டு அப்புறம் உயிர்களைத் தேடக் கூடாது. அவை நடமாடுகிற இடத்தைப் பார்த்துத்தான் கோடு போட வேண்டும்.

கண்மாயும் அப்படித்தான். சீமைக்கருவேலத்தை எடுக்கட்டும், நான் எதிரியில்லை. ஆனால் பொக்லைன் உள்ளே இறங்கினால் நாட்டுக்கருவேலமும் சேர்ந்தே போகிறது, கூடு கட்டுகிற மாதங்களில்கூட. எந்த மரத்தில் கூடு, எந்த மாதத்தில் குஞ்சு என்று எழுதின நோட்டு ஒன்று பஞ்சாயத்தில் இருந்தால், ‘இந்த மூலையை இப்போது தொடாதீர்கள்’ என்று தேதியோடு காட்டலாம். அந்த நோட்டை எழுத வேற்றூரிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. ஆடு மேய்க்கிற பெரியவருக்கு எந்தப் புற்றை அழுங்கு பறித்தது என்று தெரியும், அவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். மழை விட்டதும் ஆரம்பிப்போம். என்னிடம் நாலு டார்ச் இருக்கிறது, வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.