பச்சை கூடினால் போதுமா?

அவையோருக்கு வணக்கம். தொடக்கக் கல்லூரி மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே ஆய்வு மேசைக்கே போய்விடலாம். உயிருள்ள செல்லில் குளூட்டாதயோனை ஒளிரும் சாயத்தால் அளக்கும்போது, பச்சை வெளிச்சம் கூடியது என்று பார்த்தால் மட்டும் போதுமா?

ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து நம் செல்களைக் காக்கும் முக்கியமான பொருள், அதாவது ஆன்டிஆக்சிடன்ட், குளூட்டாதயோன். செல்லுக்குள் அதன் செறிவு 1 முதல் 10 மில்லிமோலார் வரை இருக்கும். அதிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகம்தான் வேலை செய்கிறது. அந்தக் கந்தகத்தோடு சேர்ந்ததும் ஒளி மாறும் சாயத்தைத்தான் புரோப் என்கிறோம்.

மோனோகுளோரோபைமேன் பழைய, பேர்பெற்ற சாயம். ஆனால் பிடித்தால் விடாது. பிடிக்கும் வேகமோ ஒரு நொதியின் கையில் இருக்கிறது. வெளிச்சம் குறைந்தால் குளூட்டாதயோன் குறைந்ததா, நொதி குறைந்ததா, சாயமே உள்ளே போகவில்லையா? பிரித்துச் சொல்ல வழியில்லை. அதனால்தான் சேர்ந்தும் பிரிந்தும் வரும் புரோப்களையே வலியுறுத்துகிறேன். 2017இல் வெளிவந்த ரியல்தயோல் அந்த வகை. 405, 488 நானோமீட்டர் லேசர்களில் இரண்டு படம் எடுத்து ஒன்றை மற்றதால் வகுத்து விகிதம் பார்க்கிறோம். சாயம் எவ்வளவு ஏறியது என்ற கணக்கு அந்த வகுத்தலிலேயே அடிபட்டுவிடும். ஒன்று கவனியுங்கள்: மில்லிமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோமோலார் அளவிலேயே இறுகப் பிடிக்கும் புரோப் இங்கே உதவாது. எப்போதும் நிரம்பியே கிடக்கும்; குளூட்டாதயோன் பாதியாகக் குறைந்தாலும் காட்டாது.

உயிருள்ள உடலில் பார்க்கச் சீப்ரா மீன் குஞ்சு நல்லது. 1999இல் நம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலேயே ஜெல்லிமீனின் பச்சைப் புரத மரபணுவை இந்த மீனில் ஏற்றினார்கள். குஞ்சு கறுக்காமலிருக்க வழக்கமாகப் பிடியூ மருந்து கலப்பார்கள். அதிலும் கந்தகம் உண்டு! கந்தகத்தை அளக்கும் சோதனையில் அது வேண்டாம். நிறமற்ற காஸ்பர் வகை மீனை எடுங்கள். 0.016 விழுக்காடு டிரைக்கேனில் மயக்கி, தாழ்வெப்பத்தில் உருகும் 1 விழுக்காடு அகரோஸ் கூழில் படுக்க வையுங்கள். ஏர்கான் அறையில் மேடையைச் சூடாக்கி 28.5 பாகையில் வைக்காவிட்டால் விகிதமே நகர்ந்துவிடும். மஞ்சள்கரு தானாகவே ஒளிரும்; சாயமிடாத குஞ்சை அதே அமைப்பில் முதலில் படமெடுங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில் இன்னொரு தொல்லை. உறைபெட்டியிலிருந்து எடுத்த சாயக்குப்பியை உடனே திறந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். அறைவெப்பத்துக்கு வந்தபின் திறங்கள்.

தெரிந்த செறிவுள்ள குளூட்டாதயோன் கரைசல்களை வைத்து, எந்த விகிதம் எந்தச் செறிவைக் குறிக்கிறது என்ற அளவுகோல் வரையும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். குளூட்டாதயோன் அமிலம். 10 மில்லிமோலார் கரைத்தால் சாதாரண பாஸ்பேட் தாங்கல் கரைசலின் பிஎச், அதாவது அமில-கார அளவு, இறங்கிவிடும். நீங்கள் பார்ப்பது பிஎச் மாற்றமாகவே இருக்கலாம். 7.4க்குத் திருத்துங்கள். காற்றுப் பட்டால் குளூட்டாதயோன் ஆக்சிஜனேறும் என்பதால் அன்றன்றைக்கே கரையுங்கள்.

கடைசியில் சில குஞ்சுகளுக்கு என்-எத்தில்மாலிமைடு கொடுத்துக் கந்தகங்களை அடைத்துப் பாருங்கள். அப்போதும் விகிதம் இறங்காவிட்டால் உங்கள் புரோப் வேறெதையோ அளக்கிறது. அந்தப் படங்களிலிருந்து ஓர் எண்ணும் எடுக்காதீர்கள்.