தாஜ்மகாலுக்கு முன்னால் அந்த அரை கிலோமீட்டர்

நேயர்களுக்கு வணக்கம். டெல்லி, ஆக்ரா என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது இதுதான்: "தாஜ்மகால்ல ஏமாத்துறாங்களாமே, நிஜமா?" உள்ளே போய்விட்டால் பெரிய பயமில்லை. கவனம் வேண்டியது வாசலுக்கு முந்தைய அந்த அரை கிலோமீட்டரில்.

பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு தாஜ்மகாலைச் சுற்றி 500 மீட்டருக்குள் அனுமதி கிடையாது. புகை பட்டால் பளிங்கு மங்கிவிடும் என்பதற்காக வந்த கட்டுப்பாடு. அவசியமான கட்டுப்பாடு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதனால் என்ன ஆகிறதென்றால், நாம் காரைவிட்டு இறங்கி, அடுத்து எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிறோம் பாருங்கள், அந்த நிமிடத்துக்காகவே சிலர் காத்திருக்கிறார்கள். "வணக்கம், சாப்பிட்டாச்சா?" என்று தமிழிலேயே கேட்பார்கள். இந்தி தெரியாத ஊரில் தமிழ் காதில் விழுந்தால் யாருக்குத்தான் மனசு இளகாது?

எனக்கு வேண்டிய ஒரு குடும்பத்துக்கு இப்படித்தான் நடந்தது. பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லோரும் மத்தியானம் போய் இறங்கியிருக்கிறார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் வந்து, "கிழக்கு வாசலை இப்போ மூடிட்டாங்க, யாரோ வி.ஐ.பி. வந்திருக்கார். அதுவரைக்கும் தாஜ்மகாலைக் கட்டினவங்களோட வாரிசுகள் வேலை செய்யிற இடத்தைப் பார்த்துடலாம், காசே வேண்டாம்" என்றாராம். வண்டிக்கும் சொற்பப் பணம்தான் கேட்டிருக்கிறார். அங்கே ஒருவர் சக்கரத்தில் கல்லை இழைத்துக் காட்டுகிறார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, பளிங்கில் பதித்த சிவப்புக் கல்லின் மேல் டார்ச் அடிக்கிறார்கள், கல் கனலாக ஒளிர்கிறது. பாட்டிக்கு ஒரே ஆச்சரியம். டீ வருகிறது. பேரம் தொடங்குகிறது. கடைசியில் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. தாஜ்மகாலைச் சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அவ்வளவு தூரம் ரயிலில் வந்த பாட்டி, அதைக் கண்குளிரப் பார்த்தது சில நிமிடங்கள்தான்.

தட்டுக்குக் கொடுத்த பணத்தைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை. அந்த வாசல் மூடவே இல்லை! வண்டியில் சொற்பக் காசுக்கு ஏற்றிக்கொண்டவருக்குக் கூலி கொடுப்பது கடைக்காரர். கமிஷன். அந்தக் கமிஷனும் நாம் வாங்கும் பொருளின் விலையில்தான் ஏறுகிறது. ஆக்ராவில் பரம்பரையாகப் பளிங்கில் கல் பதிக்கும் அருமையான கைவினைஞர்கள் உண்டு, அவர்கள் பெயரும் இதில் கெடுகிறது. வாங்க ஆசையா? தாஜ்மகாலைப் பார்த்து முடித்தபின் நீங்களாகப் போங்கள். பளிங்கு என்று சொல்லி மாக்கல்லைக் கொடுத்தால், கண்ணில் படாத மூலையில் நகத்தால் கீறிப் பாருங்கள். மாக்கல்லில் கோடு விழும், பளிங்கில் விழாது.

ஆகவே இறங்குவதற்கு முன்பே டிக்கெட் கையில் இருக்கட்டும். தொல்லியல் துறையின் இணையதளத்திலேயே வாங்கலாம். இந்தியர்களுக்கு 50 ரூபாய், சமாதி இருக்கும் மைய மண்டபத்துக்கு மேற்கொண்டு 200 ரூபாய். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட்டே வேண்டாம், அவர்களுக்கும் சேர்த்து யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். "வரிசையில் நிற்காமல் கூட்டிப்போறேன்" என்பதையும் நம்பாதீர்கள், பாதுகாப்புச் சோதனை எல்லோருக்கும் உண்டு. மறுபடி சொல்கிறேன், டிக்கெட் கையில் இருந்தால் பாதித் தொல்லை விலகிவிடும். வெள்ளிக்கிழமை மட்டும் நிஜமாகவே விடுமுறை. மற்ற நாளில் "மூடியிருக்கு" என்று யார் சொன்னாலும் வாசல்வரை நடந்துபோய்ப் பார்த்துவிடுங்கள்.

வழிகாட்டி வேண்டுமென்றால் சுற்றுலாத் துறை கொடுத்த அடையாள அட்டையை வாங்கி, படமும் முகமும் ஒன்றுதானா, காலாவதி ஆகவில்லையே என்று பாருங்கள். கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். கூட்ட நெரிசலையும் வெயிலையும் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: பெரிய பையும் தின்பண்டமும் உள்ளே விடமாட்டார்கள், அறையிலேயே வைத்துவிடுங்கள். குரங்குகள் உண்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் போகவிடாதீர்கள். கோடையில் காலையிலேயே போய்விடுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண் 1363. ஒன்று, மூன்று, ஆறு, மூன்று. இரவு பகல் எந்நேரமும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசலாம். ஆபத்து என்றால் உடனே 112. நன்றி, வணக்கம்.