வெளிநாட்டுப் பயணம்: பணம் எங்கே கரைகிறது?

[திரையில்: பணமாற்று நிலையத்தின் விலைப்பலகை]

வணக்கம். இந்தப் பலகையில் ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் இரண்டு விலை போட்டிருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, அவர்கள் நம்மிடம் வாங்கும் விலை. மற்றது, நமக்கு விற்கும் விலை. சிங்கப்பூர் டாலருக்கு வாங்கும் விலை 64 ரூபாய், விற்கும் விலை 68 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சந்தை விலை நடுவே 66 வாக்கில் இருக்கும். கண்ணாடியில் 'கமிஷன் கிடையாது' என்று ஒட்டியிருப்பார்கள். ஒட்டட்டும். கமிஷன் அந்த 4 ரூபாய்க்குள் உட்கார்ந்திருக்கிறது.

ரொக்கமா, கார்டா, செல்பேசியா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: போய்த் திரும்புவதற்குள் என் பணம் எத்தனை முறை மாறுகிறது? ஒவ்வொரு முறையும் விலை வைப்பது யார்?

பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருவரும் மதினியும் மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விமானம் திருவனந்தபுரத்திலிருந்து. நெல்லையிலிருந்து மதுரையும் ஏறக்குறைய அதே தூரம்தான். டிக்கெட் எங்கே மலிவோ அந்தத் திசையில் நம் ஊர்க்காரர்களின் வண்டி திரும்பும்.

அண்ணாச்சியின் முதல் யோசனை, "அமெரிக்க டாலராக வாங்கிக்கொள்வோம், எங்கேயும் செல்லும்" என்பது. வேண்டாம் அண்ணாச்சி. ரூபாயை அமெரிக்க டாலராக்கி, அங்கே போய் அதைச் சிங்கப்பூர் டாலராக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. இரண்டு இடத்தில் மாற்றினால் இரண்டு இடத்திலும் இழப்பு. சிங்கப்பூர் டாலர், மலேசிய ரிங்கிட், திர்ஹம், ரியால் எல்லாம் இங்கேயே நேரடியாகக் கிடைப்பவை. கம்போடியா மாதிரி அமெரிக்க டாலரே கடைகளில் புழங்கும் நாட்டுக்குப் போவதென்றால் கதை வேறு.

வாங்குவதை ஊரிலேயே முடித்துவிடுங்கள். விமான நிலைய கவுண்டரில் விலை வழக்கமாக மோசமாகத்தான் இருக்கும். அவசரக்காரனிடம் பேரம் பேச வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். "கமிஷன் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "500 டாலர் என் கைக்கு வர, வரி உட்பட மொத்தம் எத்தனை ரூபாய் தர வேண்டும்?" என்று கேளுங்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு கையில் இருக்கட்டும். 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ரூபாய் நோட்டாகக் கட்ட முடியாது. வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும்.

வரம்புகளையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நாடுகளுக்கு, ஒரு பயணத்தில் ஒருவர் 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் வெளிநாட்டு நோட்டாக வாங்கிக் கொண்டுபோக முடியாது. மீதியைக் கார்டில்தான் ஏற்ற வேண்டும். ஹஜ், உம்ரா பயணிகளுக்கு இதில் விலக்கு உண்டு. இந்திய ரூபாயாக 25,000 வரை எடுத்துச் செல்லலாம். திரும்பி வந்து வீடு சேர ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் அது வேண்டும்.

"உண்டியலில் நல்ல விலை கிடைக்கும்" என்று யாராவது காதைக் கடிப்பார்கள். உண்டியல் என்றால் வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் மாற்றும் ஹவாலா. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி அது விதிமீறல். பணம் போனால் ரசீதும் கிடையாது, புகார் கொடுக்க இடமும் கிடையாது.

ரொக்கம் எவ்வளவு? மொத்தச் செலவில் கால் பங்கு போதும் என்பது என் கணக்கு. உணவங்காடியில் சாப்பாடு, சின்னக் கடை, கார்டு இயந்திரம் மக்கர் செய்கிற நாள் என எல்லாவற்றுக்கும் அதுவே காணும்.

மீதிக்கு ஃபாரெக்ஸ் கார்டு. அந்த நாட்டுப் பணத்தை இங்கேயே வாங்கிக் கார்டில் ஏற்றிவிடுகிறோம். விலை அன்றைக்கே முடிவாகிவிடும். சிங்கப்பூர் டாலர் ஏற்றிய கார்டைக் கோலாலம்பூரில் தேய்த்தால் மட்டும் மறுபடி ஒரு மாற்றம், மறுபடி ஒரு கட்டணம். ஹோட்டலில் முன்பணமாகப் பிடித்து வைக்கும் தொகைக்கு இந்தக் கார்டைக் கொடுக்காதீர்கள். அது விடுபடச் சில சமயம் பல நாட்களாகும். அதுவரை உங்கள் பணமே உங்களுக்கு உதவாது. அந்த ஓர் இடத்துக்குக் கிரெடிட் கார்டு நல்லது.

[திரையில்: கார்டு இயந்திரம், அருகிலிருந்து]

இனிதான் முக்கியமான இடம். சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில் மதினி 120 டாலருக்குப் பொருள் வாங்குகிறார். அண்ணாச்சி நம் ஊர்க் கிரெடிட் கார்டைச் செருகியதும் இயந்திரத்தில் இரண்டு வரி தோன்றுகிறது. மேலே 120 சிங்கப்பூர் டாலர். கீழே 8,400 ரூபாய். எதை அழுத்துவது?

ரூபாயைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி விரல் அங்கேதான் போகும். போக விடாதீர்கள். அந்த 8,400 என்பது கடைக்காரர் பக்கத்து நிறுவனம் வைத்த விலை. டாலருக்கு 70 ரூபாய். டாலரை அழுத்தினால் மாற்றுவது கார்டு நிறுவனம். அதன் விலை சந்தை விலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். 66 என்றால் 7,920 ரூபாய். அதன் மேல் நம் வங்கி 3.5 சதவீதம் கூடுதல் கட்டணமும், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் போட்டாலும் சுமார் 8,247தான் வரும். கூடுதல் கட்டணம் குறைந்த கார்டு என்றால் இன்னும் மிச்சம். போதாததற்கு, ரூபாயை அழுத்தினால் அதற்கென்றே தனிக் கட்டணம் போடும் வங்கிகளும் உண்டு.

கடைக்காரர் சில சமயம் நம்மைக் கேட்காமலே ரூபாயை அழுத்திவிடுவார். ரசீதில் ரூபாய் தெரிந்தால் அங்கேயே ரத்து செய்து, டாலரில் மறுபடி போடச் சொல்லுங்கள். ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும், பதிலும் இதுதான். ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுக்க மட்டும் எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

கிளம்புவதற்கு முன் வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்க வேண்டும். 2020இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். ரூபே கார்டில் உள்நாட்டுக்கு மட்டுமான வகை உண்டு. பென்ஷன் கணக்கோடு வந்த கார்டு அந்த வகையா என்று அண்ணாச்சி இங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது; சாங்கி விமான நிலையத்தில் நின்று தெரிந்துகொண்டு பயனில்லை. வங்கியில் பதிந்த செல்பேசி எண்ணுக்கு ரோமிங்கும் வேண்டும், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

யு.பி.ஐ.? தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில் இருக்கும் இலங்கையிலும், மொரீஷியஸிலும் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. சிங்கப்பூரின் பேநவ் சேவையோடு 2023 பிப்ரவரியில் இணைந்தது. ஆனால் அந்த இணைப்பு ஆளுக்கு ஆள் பணம் அனுப்புவதற்கு. கடைகளில் ஸ்கேன் செய்வது வேறு ஏற்பாடு. அது குறிப்பிட்ட கடைகளில்தான் செல்லும். செயலியில் வெளிநாட்டு வசதியைத் தனியாக இயக்கி வைத்துக்கொள்ளுங்கள், கிடைத்த இடத்தில் பயன்படுத்துங்கள். அதை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள்.

[திரையில்: மேசையில் மீந்த நோட்டுகளும் நாணயங்களும்]

திரும்பும்போது 200 டாலர் மீந்தால்? 68க்கு வாங்கியதை 64க்கு விற்றால் 800 ரூபாய் போச்சு. மகள் அங்கேயே இருப்பதால் அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்; 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நோட்டாகக் கையில் வைத்திருக்கச் சட்டமே அனுமதிக்கிறது. அதற்கு மேல் இருப்பதை வந்த 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். நாணயங்களுக்கு வரம்பே கிடையாது. ஆனால் பணமாற்று நிலையங்கள் பொதுவாக அவற்றை வாங்குவதில்லை. அதனால் சில்லறையை எல்லாம் பொறுக்கி, விமானம் ஏறுவதற்கு முன் அங்கேயே காப்பி குடித்துவிடுங்கள்.